பதினேழாம் வளைவில் இறங்கிய முள்

கோகிலவாணி மேஸ்திரியின் பட்டறையில் குருவுக்கு வயது முப்பத்து நாலு, சீடருக்கு ஐம்பத்தொன்று. புதிதாக வருகிறவர்கள் பெரியவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வண்டியின் நோய்நொடிகளை அவரிடம் ஒப்பிக்கத் தொடங்குவார்கள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் அம்மிணியைக் கைகாட்டுவார். அப்போது வந்தவர் முகம் போகும் போக்கை அடியிலிருந்தே எட்டிப் பார்ப்பதில் மேஸ்திரிக்குக் கொள்ளை ஆசை.

சீடர் பெயர் வெள்ளிங்கிரி. இருபத்தாறு வருஷம் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி மயிலாத்தாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டுமே பார்க்கும் இந்தப் பட்டறை வாசலில் ஒருநாள் வந்து நின்றார்.

"எனக்குச் சூடு பார்க்கக் கத்துக் குடுங்க அம்மிணி."

"அது மட்டும் போதுங்களா?"

"அது போதுமுங்க."

கிளட்ச் வேண்டாம், பிரேக் வேண்டாம், எஞ்சின் சூடு மட்டும் தெரிய வேண்டுமாம். மேஸ்திரி ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த மனுஷன் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

மூன்று வருஷம் ஓடியது. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன், ஹோஸ் பைப்பு எல்லாம் அவருக்கு அத்துப்படி ஆயின. டெம்பரேச்சர் முள் ஒரு மயிரிழை ஏறினாலும் வெள்ளிங்கிரிக்குத் தூக்கம் போய்விடும். மீட்டரைப் பார்த்தது போதாதென்று பானட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். குழந்தைக்கு நெற்றி பார்ப்பதுபோல இருக்கும் அது. பட்டறையில் யாரும் அதைக் கேலி செய்ததில்லை. ஏனோ செய்யத் தோன்றவில்லை.

அந்த ஆடி மாதம் நவநீதன் என்கிற பல் டாக்டர் தன் சிவப்பு நிற இரண்டு சீட்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை மேஜை மேல் போட்டார். போன மாதம்தான் அதற்கு எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் தண்ணீரை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். மாற்றியவர் வெள்ளிங்கிரி.

"மேடம், இதை வித்துக் குடுத்துடுங்க. எனக்கு வேண்டாம்."

"என்னங்க ஆச்சு?"

"மலைக்கு ஏத்திட்டுப் போனேன். முள் ஏறிக்கிட்டே வந்துச்சு. முக்கால் தாண்டிடுச்சு. எனக்கு உதறல். பதினேழாம் வளைவு திரும்பினேன் பாருங்க, முள் சர்ர்னு கீழே இறங்கிடுச்சு. ஒரேயடியா. அப்பாடா, மலைக்காத்து பட்டுக் குளிர்ந்துடுச்சுன்னு என் சம்சாரம்கூடச் சொன்னா. சிரிச்சுப் பேசிக்கிட்டே போனோம். ரெண்டு வளைவுதான். எஞ்சின் நின்னுடுச்சு. பானட்டுக்குள்ள இருந்து ஒரே ஆவி."

"மறுபடியும் போனீங்களா?"

"ஆறப் போட்டு இறங்கி வந்துட்டேன். நேத்து தனியாப் போய்ப் பார்த்தேன். அதே வளைவு, மேடம். அதே இடம். முள் செத்த மாதிரி விழுந்துச்சு. அப்படியே திருப்பிட்டேன்." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அந்த வளைவுல ஒரு பொம்பளை நிப்பாளாம். தண்ணி கேப்பாளாம். லாரிக்காரங்க அத்தனை பேரும் நிறுத்தி ஒரு பாட்டில் தண்ணி ஊத்திட்டுத்தான் போறாங்க. நான் நிறுத்தலை. அதான் வண்டிக்குள்ள கை வெச்சுட்டாள்னு சொல்றாங்க."

படித்த மனுஷன்தான். ஆனால் சொல்லும்போது அவர் கையில் ரோமம் குத்திட்டு நின்றது.

டாக்டர் போன பிறகு வெள்ளிங்கிரி கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். மற்ற ஸ்பானர்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது.

"அம்மிணி, நாளையில இருந்து நான் வரலீங்க."

"ஏனுங்ணா?"

"இது ராசியில்லாத கைங்க. இது இனிமே எது மேலயும் படக்கூடாது. ரெண்டு உசிரு அந்த வண்டியில உக்காந்து போயிருக்குது. நடுரோட்டுல எஞ்சின் நின்னு, பின்னால ஒரு பஸ் வந்திருந்தா?"

"கூலன்ட் மாத்தினப்போ என்ன செஞ்சீங்க?"

"வழியற வரைக்கும் ஊத்தினேனுங்க. மூடியைப் போட்டேன். டெப்போவுல இருபத்தாறு வருஷமாச் செஞ்சதுதானுங்க."

மேஸ்திரி 'உம்' என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிங்கிரி வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. முள் ஏறினா ஆபத்துன்னு யாருக்கும் தெரியும். இறங்குனா? நல்லதுன்னு காட்டுதே, அது கெட்டதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? அதைக் கத்துக்கத்தானுங்க நான் இங்க வந்தேன். மூணு வருஷமா எனக்கு அது மட்டும் விளங்கலை."

"காலையில வாங்க. கடைசி வேலை ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் மேஸ்திரி.

மறுநாள் காலை சிவப்பு வண்டி மலை ஏறியது. ஓட்டியது வெள்ளிங்கிரி. பக்கத்தில் மேஸ்திரி. பின்னால் டிக்கியில் தண்ணீர் கேன்கள் மட்டும். ஒரு ஸ்பானர்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"முள்ளைச் சொல்லிட்டே வாங்ணா."

"பாதிங்க."

ஐந்தாம் வளைவு, எட்டாம் வளைவு. வெயில் கீழேயே தங்கிவிட்டது. பத்தாம் வளைவில் பனிமூட்டம் ரோட்டுக்கு இறங்கி வந்தது.

"பாதிக்கு மேலங்க."

பதினான்கு. மரங்கள் இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது. ஹார்ன் அடித்தால் எதிரொலிகூட வரவில்லை.

"முக்காலுங்க. நிறுத்திடலாமுங்களா?"

"போங்ணா."

பதினாறு. வெள்ளிங்கிரியின் உள்ளங்கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. பதினேழாம் வளைவு செங்குத்தாக ஏறித் திரும்பியது. வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

முள் இறங்கியது.

மெதுவாகக்கூட இல்லை. யாரோ விரலால் அழுத்தியதுபோல அடிவரை போய்ப் படுத்துவிட்டது.

"அம்மிணி, இறங்கிடுச்சுங்க!"

"என்ன தோணுது?"

"சந்தோசமா இருக்குதுங்க." சொல்லிவிட்டு மறுபடியும் முள்ளைப் பார்த்தார். "சந்தோசமாத்தானுங்க இருக்குது. அதுதான் பயமா இருக்குது."

"ஹீட்டரைப் போடுங்க."

"குளுருதுங்களா?"

"முழுசாத் திருப்புங்க. கையைக் காத்துக்கு நேரா வைங்க."

எஞ்சினில் கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே இழுத்து அந்தச் சூட்டில்தான் ஹீட்டர் காற்றை ஊதும். இவ்வளவு தூரம் ஏறி வந்த வண்டியில் அது அனலாக அடித்திருக்க வேண்டும். வந்தது குளிர்காற்று. பாழுங்கிணற்றுக்குள் குனிந்து பார்த்தால் முகத்தில் படுமே, அந்த மாதிரிக் காற்று. வெள்ளிங்கிரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"நிறுத்துங்க. ஓரம் கட்டி ஆஃப் பண்ணுங்க."

எஞ்சின் அடங்கியதும் பானட்டுக்குள்ளிருந்து டிக், டிக் என்று இரும்பு முனகியது. கீழே இறங்கி உள்ளங்கையைப் பானட்டுக்கு அருகே கொண்டுபோனார். தொட முடியவில்லை. அடுப்பாய்க் காய்ந்தது.

"இத்தனை சூட்டை வெச்சுக்கிட்டு முள் பொய் சொல்லுதுங்களே!"

"பொய் இல்லைங்ணா. அந்த முள்ளோட வயர் போய் முடியற இடம் தண்ணியில முங்கியிருக்கணும். தன்னைத் தொடற தண்ணியோட சூட்டைத்தான் அது சொல்லும். இந்தச் செங்குத்துல மூக்கு தூக்கவும் தண்ணி விலகிடுச்சு, இப்ப அதை ஒண்ணும் தொடலை."

வெள்ளிங்கிரி டிக்கியைத் திறந்து கேனைத் தூக்கினார்.

"இப்ப ஊத்தினா எஞ்சின் பிளாக் விரிசல் விட்டுடும். மூடியைத் தொட்டா மூஞ்சி வெந்துடும். ஆறட்டும். பக்கத்துல இருங்க."

மேஸ்திரி சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்துவிட்டு, பின்னால் வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கையாக ரோட்டில் போட ஒரு மரக்கிளையை ஒடித்துக்கொண்டு கீழே போனார். நாலு எட்டில் பனிமூட்டம் அவரை விழுங்கிவிட்டது.

வெள்ளிங்கிரி தனியாக நின்றார். வளைவின் உள்பக்கம் ஒரு கல் இருந்தது. பொட்டில்லை, பூவில்லை, வெறும் கல். ஆனால் எப்போதும் நனைந்தே இருந்து பாசி பிடித்திருந்தது. சுற்றிலும் காலி பாட்டில்கள் கிடந்தன.

மேலிருந்து மரம் ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டே இறங்கி வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, பாட்டிலைத் திறந்து கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினார். கும்பிட்டார். திரும்பிச் சிவப்பு வண்டியைப் பார்த்தார்.

"சூடு ஏறிடுச்சுங்களா?"

"ஆமாங்க."

"ஆறட்டும், ஆறட்டும். இங்க நின்னு போறதுதான் நல்லது." டிரைவர் பாட்டிலை ஆட்டிப் பார்த்தார். "கொஞ்சம் மிச்சம் இருக்குது. உள்ளார உக்காந்திருக்கிற அம்மாவுக்குக் குடுங்க. பாவம், ஒதடெல்லாம் வறண்டு கெடக்குது."

பாட்டிலை வெள்ளிங்கிரியின் கையில் திணித்துவிட்டு ஏறிக்கொண்டார். லாரி போய்விட்டது.

வெள்ளிங்கிரி திரும்பிப் பார்க்க வெகுநேரம் ஆயிற்று. பார்த்தபோது இடது சீட்டில் யாரும் இல்லை. பெல்ட் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி கைகளைத் தட்டிக்கொண்டே பனியிலிருந்து வெளியே வந்தார். சீடர் நின்ற நிலையைப் பார்த்ததும் நின்றார்.

"அந்த டிரைவரு..." வெள்ளிங்கிரி கையிலிருந்த பாட்டிலைக் காட்டினார். "வண்டிக்குள்ள ஒரு அம்மா இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போறாருங்க. தண்ணி குடுக்கச் சொல்றாரு."

"நான் கீழ கிளை போட்டுட்டு இருந்தேன்."

"தெரியுமுங்க."

மேஸ்திரி சீட்டைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

"அவரு யாரைப் பார்த்தாருன்னு எனக்குத் தெரியாதுங்ணா. உங்களுக்குத் தெரியுமா?"

வெள்ளிங்கிரி ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். மூன்று வருஷமாக வாயில் பூட்டுப் போட்டிருந்த மனுஷன் அன்றுதான் பேசினார்.

"பதினோரு நாள் காய்ச்சலுங்க. பெரியாஸ்பத்திரி. நான் பக்கத்தை விட்டு நகரலை. நெத்தியில இந்தக் கையை வெச்சு வெச்சு, என் கையே காஞ்சு போச்சு. பன்னெண்டாம் நாள் பகல்ல தொட்டேன். குளுந்திருந்துச்சுங்க. நல்லா ஜில்லுனு. மயிலாத்தா கண்ணைத் தொறந்து தண்ணி வேணும்னா. வெந்நீ வாங்கியாறேன்னு பிளாஸ்க்கை எடுத்துட்டு எதுத்தாப்புல டீக்கடைக்குப் போனேன்."

"உம்."

"சந்தோசத்துல தலைகால் புரியலீங்க. நின்னு ஒரு டீ குடிச்சேன். கடைக்காரரு தெனமும் என்னைப் பார்த்து, அம்மாவுக்கு எப்படி இருக்குதுன்னு கேப்பாரு. அன்னைக்கும் கேட்டாரு. காச்சல் விட்டுடுச்சுங்க, பொழைச்சுக்கிட்டான்னு சொன்னேன். அவரு கைய மேல தூக்கிச் சாமியக் கும்பிட்டாரு. ஒரு பன்னை எடுத்துக் காகிதத்துல சுத்தி, இது அம்மாவுக்குன்னு குடுத்தாரு."

பனி இருவருக்கும் நடுவே நகர்ந்து போயிற்று.

"திரும்பி வந்தேன். கட்டிலைச் சுத்தித் திரை இழுத்து விட்டிருந்தாங்க."

மேஸ்திரி கட்டைச் சுவரில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காச்சல் எறங்கறப்பதான் சில பேருக்கு ஆபத்துன்னு டாக்டரம்மா அப்புறமாச் சொன்னாங்க. அப்புறமா! இந்தக் கையாலதானுங்க தொட்டேன். குளுந்திருச்சுன்னு சிரிச்சேன். அம்மிணி, அன்னைக்கு நான் எதைப் பார்த்திருக்கோணும்?"

மேஸ்திரி எழுந்து பானட்டைத் தொட்டார்.

"ஆறிடுச்சு. மூடியைத் திறங்க. துணி போட்டு, கால் திருகு திருகி நிறுத்துங்க."

திருகினார். உஸ்ஸென்று மூச்சு வெளியேறி அடங்கியது. முழுவதும் திறந்து, கேனைச் சாய்த்தார்.

வண்டி குடித்தது. வேறு சொல் இல்லை அதற்கு. மடக், மடக் என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. காற்று குமிழ் குமிழாக மேலே வந்து உடைந்தது. ஒரு கேன் தீர்ந்தது. இரண்டாவதும் பாதிக்கு மேல் போயிற்று. நாள்கணக்கில் நாக்கு வறண்டு கிடந்த ஒருவர் குடிக்கிற சத்தம் அது. வெள்ளிங்கிரி இரண்டு கையாலும் கேனைப் பிடித்துக்கொண்டு அழுதார். கேன் நடுங்கியதே தவிர, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

"வழிய வழிய ஊத்தினேனுங்களே. அதெல்லாம் எங்க போச்சுங்க?"

"எங்கயும் போகலை. உள்ள வரவே இல்லை. பஸ்ஸுல ரேடியேட்டர் வாய் எஞ்சினை விட உயரம். வழிஞ்சா நிறைஞ்சுதுன்னு அர்த்தம். இதுல பானட் பள்ளம், வாய் எஞ்சினை விடத் தாழ்வு. சமதரையில வழிஞ்சாலும் மேல எஞ்சினுக்குள்ள காத்து அடைச்சுட்டு நிக்கும். மூக்கைத் தூக்கி நிறுத்தினாத்தான் அது வெளிய வரும்."

"அப்ப என் கை?"

"கைக்கு ஒண்ணும் இல்லைங்ணா. சமதரையில ஊத்திட்டீங்க. அவ்வளவுதான்."

எஞ்சினை ஓடவிட்டு, மிச்சக் காற்றும் வெளியேறும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மூடியைப் போட்டார்கள். வெள்ளிங்கிரி உள்ளே உட்கார்ந்து ஹீட்டருக்கு நேராகக் கையை நீட்டினார். முதலில் குளிர், பிறகு வெதுவெதுப்பு, பிறகு அனல். முள் மெல்ல எழுந்து பாதியில் வந்து நின்றது. அது எழுந்ததைப் பார்த்து நிம்மதிப்பட்ட முதல் மெக்கானிக் அவராகத்தான் இருப்பார்.

மேஸ்திரி இடது கதவைத் திறந்தார். யாரோ இறங்குவதற்கு வழி விடுவதுபோல ஒரு கணம் ஒதுங்கி நின்றார். அப்புறம் ஏறிக்கொண்டார். ஏன் என்று வெள்ளிங்கிரி கேட்கவில்லை. கேட்கும் தைரியமும் இல்லை.

"அந்தக் கடைக்காரரு என்ன சொன்னாருங்ணா?"

"எப்பங்க?"

"அம்மா போய்ட்டாங்கன்னு நீங்க சொன்னப்போ."

ஹீட்டர் ஊதிக்கொண்டே இருந்தது.

"சொல்லலீங்க."

"அப்புறமாவது?"

"அந்தப் பக்கமே போகலீங்க. மூணு வருசமாச்சு. அந்த ரோடு வந்தா, ரெண்டு தெரு சுத்திக்கிட்டுப் போயிடுவேன்."

"ஏனுங்ணா?"

வெள்ளிங்கிரி முன் கண்ணாடியைப் பார்த்தார். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"அவருக்கு மயிலாத்தா இன்னும் பொழைச்சுத்தானுங்க இருக்கா. அந்த ஒரு எடத்துலயாவது இருந்துட்டுப் போகட்டும்னுதான்."

மேஸ்திரி கையை நீட்டி ஹீட்டரை அணைத்தார்.

"வண்டியைத் திருப்புங்க. டாக்டர்கிட்ட நான் கொண்டுபோய் விட்டுக்கறேன். நீங்க அந்தக் கடை வாசல்ல இறங்கிக்குங்க."

"நானுங்களா?" வெள்ளிங்கிரி கியரிலிருந்து கையை எடுத்தார். "இறங்கி என்னங்க அம்மிணி சொல்றது? எப்படி ஆரம்பிக்கிறதுன்னுகூட எனக்குத் தெரியாதுங்களே."

"நீங்க ஆரம்பிக்க வேண்டாம். ஒரு டீ மட்டும் சொல்லுங்க. அம்மாவுக்கு எப்படி இருக்குதுன்னு அவரே கேப்பாரு."